ஜாடியைக் காவல் காத்த ஜமீன்தார்

மாவடு ஜாடிக்குள் தண்ணீரைப் பார்த்ததும் ஜமீன்தார் அரங்கநாயகத்துக்கு மீசை துடித்தது.

"ஏ பேச்சி! வடுவும் உப்பும்தானே போடச் சொன்னேன்? எவன் தண்ணி ஊத்தினான்?"

"யாரும் ஊத்தலை எசமான். உப்புப் பட்டா வடுவுக்குள்ள இருக்கிற தண்ணி தோல் வழியா வெளிய வந்துடும்" என்றாள் சமையற்காரி பேச்சி.

"தோலில் ஓட்டையே இல்லையேடி! தண்ணி ஊத்தினவனைப் பிடித்துக் காட்டு, இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை!"

பேச்சி வேறொரு ஜாடியில் புது வடுவும் உப்பும் போட்டு மூடி, "நீங்களே காவல் இருங்க எசமான்" என்று அவர் மடியில் வைத்தாள்.

விடுவாரா ஜமீன்தார்? ஜாடியை மடியில் வைத்தபடியே சாப்பிட்டார், வழக்கு விசாரித்தார். தூங்கும்போதும் அதைக் கட்டிக்கொண்டே படுத்தார்.

இரண்டு நாள் கழித்து ஊரைக் கூட்டி மூடியைத் திறந்தார். வடுவெல்லாம் சுருங்கித் தண்ணீரில் மிதந்தது.

"ஜாடிகிட்ட யாராவது வந்தாங்களா எசமான்?" என்று கேட்டாள் பேச்சி.

"ஒரு ஈ கூட வரலை! நான் மட்டும்தான் இருந்தேன்!" என்று மார் தட்டினார்.

"உள்ள இருந்தது வடு. வெளிய இருந்தது நீங்க. இது யாரு விட்ட தண்ணின்னு நீங்களே சொல்லிடுங்க."

கூட்டம் மொத்தமும் ஜமீன்தாரின் வேட்டியைப் பார்த்தது.

"வடுதான்! சத்தியமா வடுதான்!" என்று அலறினார் ஜமீன்தார்.