காசினிக்கீரையும் தேன்வாயனும்

மலைகளும் செடிகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த முன்னொரு காலத்தில், மணிக்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்குத் தேன்வாயன் என்ற மந்திரவாதி வந்து சேர்ந்தான். வீடு வீடாகப் போய்ச் சும்மாவே தேன் கொடுத்தான். அதை நக்கியவர்களுக்கு அப்புறம் யார் எதைச் சொன்னாலும் இனித்தது. ராஜாவும் நக்கிவிட்டார்.

"களஞ்சியச் சாவி வேண்டும்" என்றான் தேன்வாயன்.

"இனிக்கிறது, எடுத்துக்கொள்" என்றார் ராஜா.

"படையின் வாளெல்லாம் வேண்டும்."

"இனிக்கிறது, எடுத்துக்கொள்."

"ஊர்ப் பிள்ளைகள் என் குகைக்கு வேலைக்கு வரவேண்டும்."

"இனிக்கிறது, எடுத்துக்கொள்."

தாய்மார்கள் சிரித்துக்கொண்டே பிள்ளைகளுக்குத் தலைசீவி அனுப்பினார்கள்.

தேனைத் தொடாதவள் கீரைக்காரி மருதாயி ஒருத்திதான். சும்மா வருவதற்கு அவள் கை நீளாது. அன்று அவள் வீடு திரும்பியபோது மகள் பவளியைக் காணோம். காவலர்கள் அழைத்துப் போயிருந்தார்கள். அரண்மனைக்கு ஓடினாள் மருதாயி. வழியில் பாறை இடுக்கிலிருந்து நீலப்பூச் செடி ஒன்று கூப்பிட்டது.

"நில், மருதாயி. நான் காசினிக்கீரை. கசக்கிறேன் என்று எல்லோரும் துப்பிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தேனை முறிக்க என்னால்தான் முடியும். பறித்துக்கொள். ஆனால் இனிப்பு என்று ஒருமுறை சொன்னாலும் என் சக்தி போய்விடும்."

"என் கீரையைப் பற்றி நான் பொய் சொன்னதே இல்லை" என்று மருதாயி மடி நிறையப் பறித்துக்கொண்டாள்.

"மடியில் என்ன, இனிப்பா?" என்றான் வாயிற்காவலன்.

"கசக்கும் ஐயா. கசப்புதான் இதற்குப் பெருமை."

"வெல்லம் போட்டுக் கிண்டித் தரட்டுமா?" என்றான் சமையற்காரன்.

"வேண்டாம் அண்ணே. கசக்கட்டும். கசப்புதான் இதற்குப் பெருமை."

சபையில் கீரையைப் பார்த்ததும் தேன்வாயன் முகம் வெளுத்தது. அவள் காதருகே குனிந்தான். "இனிக்கும் என்று ஒரு வார்த்தை சொல். உன் பவளியை இப்போதே விட்டுவிடுகிறேன்."

சாளரத்துக்கு வெளியே பிள்ளைகள் வரிசையில் பவளி நின்றாள். மருதாயி மகளைப் பார்த்தாள். அந்த வார்த்தையைச் சொன்னால் தன் பிள்ளை வீட்டுக்கு வரும், மற்றப் பிள்ளைகள் குகைக்குப் போகும். அவள் தலையை நிமிர்த்தினாள்.

"மகாராஜா, இது கசக்கும். கசப்புதான் இதற்குப் பெருமை. சாப்பிடுங்கள்."

யார் சொன்னாலும் தலையாட்டும் ராஜா அவளுக்கும் தலையாட்டினார். ஒரு பிடியை வாயில் போட்டு மென்றார். முகம் சுருங்கியது. கண்ணில் நீர் வந்தது. பிறகு சிங்காசனத்தை விட்டு எழுந்தார்.

"பிள்ளைகளையா கேட்டாய்?"

"இனிக்கிறதல்லவா, மகாராஜா?"

"இல்லை" என்றார் ராஜா.

அந்த ஒரு சொல்லில் தேன்வாயன் காலிலிருந்து தலைவரை பாகாய் உருகி வழிந்தான். தாய்மார்கள் ஆளுக்கோர் இலையை மென்று, அழுதுகொண்டே ஓடிப் பிள்ளைகளைத் தூக்கினார்கள். பவளி தானாகவே ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன வேண்டுமோ கேள், தாயே" என்றார் ராஜா.

"இந்தக் கீரைக்கு உங்கள் தோட்டத்தில் ஒரு பாத்தி வேண்டும். ரோஜாவுக்குப் பின்னால் இல்லை, முன்னால்."

ராஜா மண்வெட்டியைத் தானே வாங்கிப் பாத்தி கட்டினார். அன்று முதல் எந்த தேசத்துத் தூதர் பரிசோடு வந்தாலும், அவர் எதிரில் ராஜா அந்தக் கீரையில் ஒரு பிடி சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. அந்தக் கீரையைப் பரிமாறும் உரிமை மருதாயி ஒருத்திக்குத்தான். அவள் சபைக்குள் நடந்து வரும்போது படைத்தலைவர்களும் எழுந்து நின்றார்கள்.