பதிவாகிவிட்டது

"மிஸ், ஒரே கேள்வி. என் புரோகிராம் நல்லா இருக்கா இல்லையா?"

"போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்கக்கா. முகமெல்லாம் வேர்த்திருக்கு," என்றாள் பெனிட்டா.

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்த ஜாவா வகுப்பு அது. சொல்லிக்கொடுக்கும் பெனிட்டாவுக்கு இருபத்தைந்து வயது. கற்றுக்கொள்ளும் வனிதாமணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. அவள் இவளை மிஸ் என்பாள், இவள் அவளை அக்கா என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

வகுப்பை முடிக்கிறவர்கள் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். மற்றப் பிள்ளைகள் நூலகம், வங்கிக் கணக்கு என்று போன வருஷத்துப் பிள்ளைகள் செய்ததையே பெயர் மாற்றிச் செய்துகொண்டிருந்தார்கள். இல்லாத நூலகத்தில் இல்லாத புத்தகத்தை யார் எடுத்துப்போனால் யாருக்கு என்ன? வனிதாமணிக்கு அந்தச் சொப்பு விளையாட்டுக்கெல்லாம் பொறுமை இல்லை. எந்தக் குழந்தைக்கு எந்தத் தேதியில் எந்தத் தடுப்பூசி என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதினாள். தெருமுனையில் குழந்தைகள் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் மீரானிடம் அவளே போய்ப் பேசினாள். இன்று பதினோரு மணிக்கு வந்து பார்க்கிறேன் என்றிருந்தார். பிடித்துவிட்டால் புரோகிராம் கிளினிக்குக்கு, அதைக் கவனித்துக்கொள்ளும் வேலை வனிதாமணிக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய பட்டத்துக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் வந்த முதல் வேலை. வேர்க்காமல் என்ன செய்யும்?

தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நாலு குழந்தை பேரைப் போடுங்க," என்றாள் பெனிட்டா.

வனிதாமணி பெயர், பிறந்த தேதி, ஊசி என்று மளமளவென்று தட்டினாள். ஒவ்வொரு தடவையும் திரையில் பச்சை எழுத்து வந்தது. பதிவாகிவிட்டது. பதிவாகிவிட்டது.

"பாத்தீங்களா மிஸ்? ஒரு முணுமுணுப்பு உண்டா? சமத்து."

பெனிட்டா மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில், தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கழற்றிய வனிதாமணியின் பென்டிரைவ் இருந்தது.

பயிற்சி மையத்துக் கணினிகளில் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள், வாராவாரம் துடைத்துவிடுவார்கள். அதனால் வனிதாமணியின் புரோகிராம் குழந்தைகளின் விவரத்தை அந்தப் பென்டிரைவில்தான் எழுதும். அது இங்கே இருக்கிறது. நாலு குழந்தைகளும் எங்கே?

வனிதாமணி பட்டியலைத் திறந்தாள். வெறும் திரை. அதிலும் ஒரு புகார் இல்லை.

"தப்பு நடந்தா என்ன செய்யணும்னு எழுத ஜாவாவுல ஓர் இடம் குடுத்திருக்காங்களே," என்றாள் பெனிட்டா. "அதுல என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதலை."

"எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும்தான்." வனிதாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பின்னே என்ன மிஸ்? எதைத் தொட்டாலும் ஒரு முழத்துக்குச் சிவப்புச் சிவப்பா எர்ரர் வந்து மானத்தை வாங்குது. காலியா விட்டா பேசாம இருக்குன்னு என் பையன் சொன்னான். விட்டேன்."

விருந்தாளி வரும் நேரத்தில் அழுக்குத் துணியை அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற கை அது. யோசித்துச் செய்யாது.

"இப்பவே திருத்திடவா மிஸ்?"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே ஏறிவந்தார்.

"அதைக் குடுங்க மிஸ். செருகிட்டா ஒழுங்கா ஓடும்."

"ஓடும்," என்று பெனிட்டா பென்டிரைவை மேஜைமேல் வைத்தாள்.

வனிதாமணி அதை எடுத்துச் செருகினாள்.

டாக்டர் மீரான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். புரோகிராம் கழுவி வைத்த பிள்ளை மாதிரி நடந்துகொண்டது. கேட்ட குழந்தையைக் காட்டியது. அடுத்த வாரம் வரவேண்டியவர்களை வரிசையாக நிறுத்தியது. பச்சை எழுத்தைப் பார்த்து டாக்டர் சிரித்தார்.

"நல்லாத்தாம்மா பண்ணியிருக்கீங்க. ஒண்ணாம் தேதியிலிருந்தே வந்துடுங்க. எங்க நர்சுங்க ரெண்டு பேரும் எழுதி எழுதி அலுத்துட்டாங்க. இதை நம்பி நோட்டை மூட்டை கட்டிடலாமில்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் தயாராக நின்றது. வனிதாமணி பெனிட்டாவைப் பார்த்தாள். அந்தப் பெண் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ஜாடை காட்டினால்தான் என்ன, கிரீடம் இறங்கிவிடுமா?

வனிதாமணி கையை நீட்டிப் பென்டிரைவைப் பிடுங்கினாள்.

"டாக்டர், ஒரு குழந்தை பேர் சொல்லுங்க."

"எதுக்கு? சரி, என் பேத்தி. சஃப்ரீன்."

தட்டினாள். பச்சை எழுத்து வந்தது. பதிவாகிவிட்டது.

"பதிவாகலை டாக்டர்," என்றாள் வனிதாமணி.

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆயிடுச்சுன்னு போட்டிருக்கே."

"அது அப்படித்தான் சொல்லும். நடக்கலைன்னாலும் சொல்லும்."

"எங்ககிட்டே பென்டிரைவே கிடையாதேம்மா."

"உங்க கம்ப்யூட்டர்ல இடம் நிறைஞ்சு போனாலும் இதேதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "குழந்தைங்க விஷயம். ஒரு ஊசி தவறினாலும் யார் பதில் சொல்றது? நான் யோசிச்சுச் சொல்றேன்."

பெண் பார்த்துவிட்டு, பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்களே, அதே குரல். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை வனிதாமணி அசையவில்லை.

அப்புறம் திரும்பினாள்.

"இப்ப நிம்மதியா உங்களுக்கு? அந்தக் கையை இன்னும் ஒரு மணி நேரம் மூடி வச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? வேலையில சேர்ந்துட்டுச் சத்தமில்லாம திருத்தியிருக்க மாட்டேனா?"

"திருத்தியிருக்கலாம்."

"அப்புறம் என்ன? சொல்லித்தர வந்தீங்களா, கழுத்தறுக்க வந்தீங்களா?"

பெனிட்டா ஒரு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வனிதாமணி எழுதிய வரிகளைத் திரையில் திறந்து, காலியாகக் கிடந்த முதல் இடத்தில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்கக்கா?"

"என்னத்தைச் சொன்னேன். பதிவாகலைன்னு சொன்னேன்."

"அதை இங்கே எழுதுங்க."