மாவேலி பேச்சை விட்ட ஓணம்

மாடும் கொக்கும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையாள நாட்டை மாவேலி என்ற அரசன் ஆண்டான். அவன் ஆட்சியில் பொய் கிடையாது. ஒருவர் ஒன்றைச் சொன்னால் அது அப்படியே நடந்திருக்கும். அதனால் வழக்கு என்று எதுவும் அவன் முன்னால் வந்ததே இல்லை. பிறகு குள்ள உருவில் வந்த திருமாலுக்கு மூன்றடி மண் கொடுத்துவிட்டு அவன் பாதாளத்துக்குப் போனான். போகும்போது, ஆண்டுக்கு ஒரு நாள் தன் மக்களைப் பார்த்துவர வேண்டும் என்று கேட்டான். திருவோண நாள் அவனுக்குக் கிடைத்தது.

முதல் தடவை அவன் திரும்பி வந்த ஓணத்தில் நடந்தது இது.

விடிந்ததும் பனையோலைக் குடையைப் பிடித்துக்கொண்டு மாவேலி வெளியே வந்தான். வந்தவனுக்கு எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை. ஓராண்டுதான் ஆகியிருந்தது; அதற்குள் அரண்மனை இருக்க வேண்டிய இடத்தில் நெல் விளைந்து கிடந்தது. யானை நடந்த தெருவில் வாய்க்கால் ஓடியது. வரப்பில் நின்ற கொக்கிடம் கேட்டான்.

"இங்கே ஓர் அரண்மனை இருந்ததே?"

"எந்த அரண்மனை? நான் போன மழைக்குத்தான் பிறந்தேன். அதிலிருந்து இது வயல்தான்."

"நான் மாவேலி."

கொக்கு அவனை மேலும் கீழும் பார்த்தது. "அப்படியா? நீங்கள் வருவீர்கள் என்று வீட்டுக்கு வீடு முற்றத்தில் பூப்போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ச் சொல்லுங்கள். எனக்கு இங்கே மீன் பிடிக்கிற வேலை இருக்கிறது."

மேட்டின்மேல் முதல் வீடு சிருதேயியுடையது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முற்றத்துப் பூக்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மாவேலியைக் கண்டதும் காலில் விழுந்தாள். அவன் எழுப்பி, "சுகம்தானா மகளே?" என்று கேட்டான்.

அந்த ஒரு கேள்விக்கு அவள் கண் கலங்கிவிட்டது.

"என்ன சுகம் தம்புரானே! போன மாதம் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சாகிற அன்றைக்குக் காலையில் என் கையைப் பிடித்து, 'பசுவைப் பார்த்துக்கொள்' என்றாள். என் குழந்தைக்கு அந்தப் பால்தான். என் அண்ணன், ஏட்டனோ, அதைத் தன் குடிசையில் கட்டிக்கொண்டு தன்னுடைய பசு என்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

வழக்கு கேட்டுப் பழக்கமில்லாதவன் மாவேலி. அவள் முகத்தைப் பார்த்தான். பொய் தெரியவில்லை.

"அம்மா உன்னிடம்தானே சொன்னாள்? அப்படியென்றால் பசு உன்னுடையது" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அந்தச் செய்தி அவனுக்கு முன்னால் ஊருக்குள் ஓடிவிட்டது. மாவேலி தீர்ப்புச் சொல்கிறாராம்! வீட்டுக்கு வீடு அவனை நிறுத்தினார்கள். ஒருவருக்கு வேலித் தகராறு, ஒருத்திக்கு மருமகனோடு மனத்தாங்கல், இன்னொரு வீட்டில் பக்கத்து மாடு வாழையைத் தின்றுவிட்டது. ஒவ்வொருவர் சொன்னதும் உண்மையாகவே தோன்றியது. ஒவ்வொருவருக்கும் அவன் ஏதோ ஒரு பதில் சொன்னான். யாருடைய மாடு யாருடைய வாழையைத் தின்றது என்பதே உச்சிவேளைக்குள் அவனுக்குக் குழம்பிப்போயிற்று. நல்லது செய்கிறோமா, கெடுக்கிறோமா என்று தெரியாமலேயே நடந்தான்.

பள்ளத்தில், ஆற்றை ஒட்டி, கடைசிக் குடிசை பொக்கனுடையது. தனியாள். அடுப்பு புகையவில்லை. சிவப்புப் பசு ஒன்று கட்டுத்தறியில் படுத்திருந்தது.

"ஓண நாளில் சமைக்கவில்லையா?" என்று மாவேலி கேட்டான்.

"யாருக்காகச் சமைப்பது தம்புரானே? அம்மா இருந்தவரை அவளுக்குக் கொண்டுபோவேன். கண்ணை மூடுகிற அன்றைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, 'பசுவைப் பார்த்துக்கொள்' என்றாள். இதற்குக் கோமாரி வந்தபோது நான்தான் ராப்பகலாகப் பக்கத்தில் இருந்தேன். பொழுது சாய்ந்தால் இது அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லும். கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். இப்போது தங்கை இதைக் கேட்கிறாள்."

எங்கோ கேட்ட கதைபோல் இருந்தது மாவேலிக்கு. ஆனால் காலையிலிருந்து கேட்ட கதைகள் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருந்தன. பொக்கன் முகத்திலும் பொய் இல்லை.

"கலங்காதே. பசு உன்னுடையது" என்றான்.

சொல்லிவிட்டு ஆற்றங்கரையோடு கொஞ்ச தூரம்தான் போயிருப்பான். பின்னாலிருந்து கூச்சல் கேட்டது.

சிருதேயி கயிற்றோடு இறங்கி வந்திருந்தாள். பசுவின் கொம்பில் அவள் கட்டிய கயிறு ஒருபக்கம், கழுத்தில் பொக்கன் பிடித்த கயிறு மறுபக்கம்.

"மாவேலி எனக்கு என்று சொன்னார்!"

"எனக்கு என்று இப்போதுதான் சொல்லிவிட்டுப் போகிறார்! பொய் சொல்லாதே!"

"நானா பொய் சொல்கிறேன்? நீ சொல்கிறாய்!"

பொய் என்ற சொல்லை அந்த ஊர் அதற்குமுன் கேட்டதில்லை. மேட்டு ஆட்களும் பள்ளத்து ஆட்களும் கம்போடு வந்து கூடினார்கள். பசு நடுவில் நின்று, "விடுங்கள், கழுத்து அறுபடுகிறது" என்று கத்தியது. யார் காதிலும் விழவில்லை. முந்தின நாள் மழையில் கரை வழுக்கிக்கொண்டிருந்தது. கயிறு சட்டென்று அறுந்தது. பொக்கன் பின்புறமாக வெள்ளத்தில் விழுந்தான்.

"ஏட்டா!" என்று சிருதேயி அலறினாள்.

ஆறு அவனைச் சுழற்றிக்கொண்டு மாவேலி நின்ற பக்கமாகவே வந்தது. மாவேலி இடுப்பளவு நீரில் இறங்கிக் குடைக்கம்பை நீட்டினான். பொக்கன் அதைப் பிடித்தான். இழுத்துக் கரையில் போட்டபோது அவன் வாயிலிருந்து சேற்றுநீர் வந்தது. சிருதேயி ஓடிவந்து, தோளில் கிடந்த துணியால் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே அழுதாள்.

ஊர் முழுக்க அங்கே கூடிவிட்டது. எல்லாரும் மாவேலியையே பார்த்தார்கள்.

"இரண்டு பேருக்கும் சொன்னீர்களா தம்புரானே? இப்போது ஒரே முடிவாகச் சொல்லுங்கள். பசு யாருடையது?"

மாவேலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். இருவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. பிறகு எப்படி இது நடந்தது? அவன் பசுவின் பக்கம் திரும்பினான்.

"நீயாவது சொல். அந்த அம்மா உன்னை யாருக்குக் கொடுத்தாள்?"

"என்னை இதுவரை யாரும் கேட்கவில்லை" என்றது பசு. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது: "காலையில் மகளிடம் சொன்னாள், சாயங்காலம் மகனிடம் சொன்னாள். இரண்டு பேரும் போன பிறகு தொழுவத்துக்கு வந்து என் கழுத்தைத் தடவினாள். 'பிள்ளைகளைப் பார்த்துக்கொள்' என்று என்னிடமும் சொன்னாள்."

சிருதேயி துவட்டுவதை நிறுத்தினாள். பொக்கன் தரையைப் பார்த்தான்.

"அதெல்லாம் சரி. பசு யாருக்கு என்று சொல்லுங்கள்" என்றது கூட்டம் விடாமல்.

மாவேலி வாயைத் திறந்தான். ஒரு சொல் நுனிநாக்குவரை வந்தது. அது நல்ல சொல்தான். ஆனால் காலையில் சொன்னதும் நல்ல சொல்தான், மதியம் சொன்னதும் நல்ல சொல்தான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு இந்தச் சொல் என்ன ஆகும் என்று பார்க்க அவன் இங்கே இருக்க மாட்டான்.

அவன் பசுவின் அருகே போய், அதன் காதில் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "நான் பேசினால் அது ஆணை ஆகிவிடுகிறது. ஒரு நாள் வந்து போகிறவன் ஆணை போடக் கூடாது. உன் மணியைத் தருவாயா?"

பசு தலையைத் தாழ்த்தியது. அவன் அதன் கழுத்து மணியை அவிழ்த்துக் கையில் பிடித்தான். "சொல்லுங்கள், சொல்லுங்கள்" என்று சூழ்ந்தவர்களுக்கு நடுவே மணியை அடித்துக்கொண்டே நடந்தான். நின்றால் கேட்பார்கள் என்பதால் எங்கேயும் கால் ஊன்றவில்லை. ஊரார் கண்ணிலிருந்து அவன் மறைகிறவரை மணிச்சத்தம் மட்டும் கேட்டது.

கோபித்துக்கொண்டாரா, ஊமையாகிவிட்டாரா என்று ஊருக்குப் புரியவில்லை. மெல்லக் கலைந்துபோனார்கள்.

ஆற்றங்கரையில் இரண்டு பேரும் பசுவும் மிஞ்சினார்கள். தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை.

"குளிரில் நடுங்குகிறாய் ஏட்டா. மேலே வா. சோறு இருக்கிறது" என்றாள் சிருதேயி.

"பசு?"

"தெரியவில்லை. முதலில் சாப்பிடு."

மூவரும் மேட்டில் ஏறினார்கள். மறுநாள் பசு எந்தத் தொழுவத்தில் நின்றது என்று கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வதில்லை.

அடுத்த ஓணத்துக்கும் மாவேலி வந்தான். வாசலில் மணி கேட்டது. விளக்கேற்றி அரிசி வைத்தவர்களைப் பார்த்துச் சிரித்தான், ஒரு பிடி அரிசியை எடுத்து வீட்டின்மேல் தூவினான், நிற்காமல் போனான். என்ன கேட்டாலும் பதில் இல்லை. ஜனங்கள் அவனுக்கு ஓணப்பொட்டன் என்று பெயர் வைத்தார்கள். பேச்சில்லாத ஓணக்காரன் என்று அதற்குப் பொருள்.

வடமலையாளத்தில் இன்றும் ஓணத்தன்று முகத்தில் சாயம் பூசி, முடி தரித்து, ஓலைக்குடையும் மணியுமாக ஓணப்பொட்டன் வேடமிட்டவர் வீடு வீடாக வருவார். ஆற்றங்கரையில் மாவேலி வாயை மூடிக்கொண்ட அந்த நாள் முதல்தான் அவர் எந்த முற்றத்திலும் கால் ஊன்றி நிற்பதில்லை, பொழுது சாயும்வரை ஒரு சொல்லும் பேசுவதில்லை.