வௌவாலின் உதிர்ந்த இறகு

விலங்குகளெல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் வௌவாலுக்குச் சிறகு கிடையாது. எலி மாதிரி தரையில்தான் ஓடித் திரிந்தது. கீச்சி என்ற வௌவாலின் இரண்டு பிள்ளைகளைச் சாரைப்பாம்பு விழுங்கிவிட்டது. மிஞ்சியவள் துணுக்கு ஒருத்திதான். அவளுக்காவது சிறகு வேண்டுமென்று கீச்சி வனதேவதையிடம் போய் அழுதாள்.

“பொழுது விடிந்ததும் தவத்தில் உட்கார். பொழுது சாய்கிற வரை மனம் அசையக் கூடாது. நீ உட்கார உட்கார உன் பிள்ளைக்கு முதலில் தோல் விரியும், பிறகு இறகு முளைக்கும்,” என்றாள் தேவதை. “ஒன்று மட்டும் கேள். அரை வயிற்றோடு உட்கார். தேன், கனி, கிழங்கு எதையும் தொடாதே. வயிற்றில் கிடப்பதுதான் மனதில் ஆடும்.”

கீச்சி தலையை ஆட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வாயைக் கட்டுவதில்தான் தகராறு.

மறுநாள் விடியும்போது துணுக்கோடு இலுப்பை மரத்தடிக்கு வந்தால், அங்கே சடையன் கரடி உதிர்ந்த பூவை வாரி வாரித் தின்றுகொண்டிருந்தான்.

“வாக்கா, ரெண்டு எடுத்துக்கோ. வெறும் வயித்துல எப்படி உக்காருவ?”

“தின்னக் கூடாதுப்பா. தவம்.”

“பூவை யாராச்சும் சாப்பாடுன்னு சொல்லுவாங்களா? சாமிக்குப் போடுறதுதானே?”

கீச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. தேவதை தேன் என்றாள், கனி என்றாள், கிழங்கு என்றாள். பூ என்று சொல்லவே இல்லையே. ஒன்றை வாயில் போட்டாள். தித்தித்தது. அப்புறம் வயிறு முட்டத் தின்றுவிட்டு, மரமேறிக் கிளையில் கண்மூடி உட்கார்ந்தாள். மழையில் ஊறிக் கள்ளாய்ப் புளித்த பூ அது. பாவி மகளுக்கு அது தெரியவில்லை.

உச்சிப்பொழுது வரை சுகமாகத்தான் போனது. கீழே துணுக்கின் விரல்களுக்கு நடுவே தோல் விரிந்து, ஓரத்தில் சின்னச் சின்ன இறகும் தலைகாட்டியது. “அம்மா, முளைக்குதும்மா,” என்று அவள் குதித்தாள்.

அப்போதுதான் பூ தன் வேலையைக் காட்டியது. கண்ணைத் திறந்த கீச்சிக்கு உயிரே போய்விட்டது. மரம் சுற்றியது. பூமி மேலே போய்விட்டது, வானம் காலுக்குக் கீழே கிடந்தது. வானத்துக்குள் விழுந்துவிடுவோம் என்று பயந்து, கால் நகங்களால் கிளையை இறுகப் பற்றியபடி தலைகீழாகச் சரிந்தாள். தவம் கலைந்தது.

அவள் கண்ணெதிரே மகளின் இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

அந்த நேரம் பார்த்துப் புதரிலிருந்து சாரை தலையைத் தூக்கியது. துணுக்கு பதறிப்போய் வெறுந்தோலை அடித்தாள். எப்படியோ எழும்பிக் கிளைக்கு வந்து சேர்ந்தாள். அம்மா தொங்குகிற கோலத்தைப் பார்த்துத் திகைத்தாள். தவம் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, தானும் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இறகு எப்பம்மா திரும்ப வரும்?”

கீச்சி தொங்கியபடியே கண்ணை மூடித் தவத்தை மறுபடி தொடங்கினாள்.

அன்று தொடங்கித்தான் வௌவால் இறகில்லாத சிறகோடு பறக்கிறது. பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கித் தவமிருக்கிறது. பொழுது சாய்ந்ததும் எழுந்து, இலுப்பைப் பூவைத் தேடிப் போகிறது.