மடைக்கு மூன்று பேர்

இருளப்பனைச் சடையன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் கழுத்தளவு ஏரித் தண்ணீரில் நின்று திட்டிக்கொண்டிருந்தான்.

"கயித்தைக் கெட்டியாப் பிடிடா மாப்ளே! உன் ஒருத்தனை நம்பித்தான் முங்குறேன்!"

முங்கி மடைப்பலகையைத் தூக்கினான். தண்ணீர் இழுத்த இழுப்பில் கயிறு சடையனின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடிவிட்டது. ஒருவன் முங்கினால் இரண்டு பேர் கயிறு பிடிக்க வேண்டும் என்பது மடைக்காரர் வழக்கம். அன்று பிடிக்க ஒருவன்தான் இருந்தான்.

ஏன் ஒருவன் என்றால், அப்போது அந்தச் சீமையை ஆண்ட விசயகண்ட ராஜாவிடம் போக வேண்டும். யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதே சரி என்று நம்புகிற ராஜா. அவர் சபையில் அனந்தகோபர் என்றொரு அதிகாரி. அடுத்தவனை யாராவது மெச்சினால் அவருக்கு அன்று சோறு இறங்காது. ஒருநாள் அவர் கோயில் மணியின் வடிவத்தைத் தரையில் வரைந்தார்.

"மகாராஜா, மணி ஓரங்களில் தாழ்ந்து நடுவில் உயர்ந்திருக்கிறது. ஆட்களும் அப்படியே. ஒரு ஓரத்தில் கொஞ்சம் உத்தமர், நடுவில் நிறைய மத்திமர், மறு ஓரத்தில் கொஞ்சம் அதமர். உத்தமனுக்குப் பட்டு, அதமனுக்கு வாசல். பத்துக்கு ஒருவன் அதமன். பத்துப் பேர் இல்லாத இடத்திலும் ஒருவன் கட்டாயம்."

"பேஷ்!" என்றார் ராஜா.

பத்தாயிரம் பேர் இருந்த படையில் தூங்குமூஞ்சிகள் கழிக்கப்பட்டார்கள், யாரும் அழவில்லை. பிறகு சட்டம் ஏரிக்கு வந்தது. அங்கே மூன்றே பேர். இருளப்பன் உத்தமன், சடையன் மத்திமன், மூக்கன் அதமன்.

"மூக்கன் என்ன தப்புப் பண்ணினான் சாமி?" என்றான் சடையன்.

"தப்பு ஒன்றுமில்லை. அதமன் இடம் காலியாக இருந்தது," என்று அனந்தகோபர் மூக்கனுக்கு வாசலைக் காட்டினார்.

இருளப்பன் செத்த பிறகு, சடையன் மூக்கனையும் அவன் தம்பியையும் கூட்டிவந்து மடைக்கு மறுபடி மூன்று பேராக்கினான். மழைக்கு முன்னால் அனந்தகோபரும் ஓலையோடு வந்துவிட்டார். "மூன்று பேரா? யார் அதமன்?"

சடையன் நேரே அரசவைக்குப் போனான்.

"மகாராஜா, கொஞ்சம் வாயைத் திறங்க."

சபை திடுக்கிட்டது. ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும், திறந்தார்.

"முப்பத்திரண்டும் முத்து! ஆனா சட்டப்படி மூணு அதமம். எதைப் பிடுங்கட்டும்?"

ராஜா சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"போகட்டும், முப்பத்திரண்டுல மூணு சொத்தை தேறினாலும் தேறும். கண்ணுக்கு வருவோம். இருக்கிறதே ரெண்டு. இதுல எது அதமம், மகாராஜா?"

"மடைக்காரப் பயலே!" என்று அனந்தகோபர் கத்தினார். "ராஜாவின் கண்ணும் உன் கூலியாளும் ஒன்றா?"

"இல்லை சாமி. ஒரு கண் போனாலும் ராஜா இருப்பாரு. எங்கள்ல ஒருத்தனை எடுத்தா, முங்கினவன் மேலே வரமாட்டான். ஒருத்தன் வரலை." சடையன் உரிந்த கையைக் காட்டினான். பிறகு பணிவாகக் கேட்டான்: "ஆள் அளக்கிற உங்க இலாகாவுல எத்தனை பேர் சாமி?"

அனந்தகோபர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் ஒருவனே! எனக்கு ஈடாக இன்னொருவன் இந்த நாட்டில் உண்டா?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒருவனா? பத்துப் பேர் இல்லாத இடத்திலும் ஒரு அதமன் கட்டாயம் என்றீரே! உத்தமனும் நீர், அதமனும் நீர். யாரங்கே! இவருக்குப் பட்டைப் போர்த்தி வாசலைக் காட்டுங்கள்!"

"மகாராஜா, நடுவில் மத்திமனும் நான்தானே?"

"அவனுக்கு ஒன்றும் கிடையாது."

பட்டு தரையில் புரள அவர் வெளியேறினார். சிரித்து ஓய்ந்த ராஜா, "எத்தனை பேர் இருந்தால் மணிச் சட்டம் செல்லும்?" என்று கேட்டார்.

"பேர் சொல்லிக் கூப்பிட முடிகிற இடத்துல அது வேண்டாம், மகாராஜா. ஆளையே பார்த்துக்கலாம்."

ராஜா அப்படியே ஆணையிட்டார். சடையனுக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டார். மடைக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்றான், கொடுத்தார்.

அந்த மழைக்கு ஏரி கரை தொட்டது. மடையில் இப்போது நான்கு பேர் இருக்கிறார்கள்.