எழுதாத மூன்று ஆண்டுகள்

"அவங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க, அம்மா."

செங்கமலம் கிணற்றுக்குள் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு?"

"செடியாராய்ச்சிக் கூடத்துக்காரங்க. பன்னிரண்டு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போட்டா அந்தக் கூடத்துக்குப் பூட்டு. போடலேன்னா என் நாற்காலி போயிடும்."

சொன்னவன் தணிகாசலம். அந்த நாட்டின் அளவைத் துறைக்குத் தலைவன். எந்த ஆராய்ச்சிக் கூடம் எந்த ஆண்டில் எத்தனை கட்டுரை எழுதியது, அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று ஐம்பது ஆண்டுக் கணக்கையும் ஒரே கோடாக இழுத்துச் சுவரில் மாட்டியவன். கோட்டுக்கு மேலே 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று எழுதியிருக்கும். எதற்காக ஆற்றில் போடுகிறோம் என்று கேட்கிற வழக்கம் அந்தத் துறையில் இல்லை.

செங்கமலம் அவனைவிடப் பதினைந்து வயது சிறியவள். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இந்தக் குன்றடிக்கு வந்துவிட்டாள். பெரிய மனிதர்கள் அவளிடம் வழி கேட்டு வருவார்கள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். தணிகாசலம் கோபித்துக்கொண்டு போய் மறுபடியும் வருகிற ரகம்.

"என்ன குத்தம் பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"நாட்டோட கோடு ஐம்பது வருஷமா ஏறிக்கிட்டே வருது. இவங்க கோடு மட்டும் ஒரு இடத்துல தரையில படுத்துக்கிச்சு. தொடர்ந்து மூணு வருஷம். ஒரு கட்டுரை இல்ல. சம்பளம் மட்டும் வாங்கியிருக்காங்க. எந்தக் காலத்துலயாவது மூணு வருஷம் சும்மா இருந்த கூடம்னா மூடணும்னு விதி."

"விதியை யார் எழுதினது?"



"நான்தான் எழுதிக் குடுத்தேன். அமைச்சர் ஒத்துக்கிட்டார்."

"கூடத்துல நேர்ல போய்க் கேட்டீங்களா?"

"நேத்துப் போனேன். தலைவர் பேரு பொன்னுரங்கம். தலை முழுக்க நரை. டீ வாங்கிக் குடுத்தார். அந்த மூணு வருஷத்துல எத்தனை கட்டுரை எழுதினீங்கன்னு கேட்டேன். ஒண்ணும் எழுதலைன்னார். மூடிடுவாங்க ஐயா, ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்கன்னு நானே கெஞ்சினேன். கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேனேன்னு எழுந்து, தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டார்."

"உங்களுக்கு என்ன?"

"ராத்திரி பூரா தூக்கம் வரல. கணக்கு சரியா இருக்கு. மனசு சரியா இல்ல."

சட்டைப் பையில் தொலைபேசி அலறியது. அமைச்சர். அவன் எடுக்கவில்லை. அது தானாக ஓய்ந்தது.

செங்கமலம் கயிற்றை அவன் பக்கம் நீட்டினாள்.

"இழுங்க."

"அம்மா, மணி பதினொன்றரை ஆச்சு."

"வாளி பாதியில நிக்குது."

அவனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் தொலைபேசியைக் கிணற்று மேடையில் வைத்தான். முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்றி முழங்கைவரை மடித்துக்கொண்டு இழுத்தான். வாளி கனத்தது. தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

முன்கையில் பழைய காசு அளவில் இரண்டு வட்டத் தழும்புகள்.

"இது என்ன?"

"பெரியம்மைக்குக் குத்தினது. சின்ன வயசுல."

"எப்போ?"

"எங்க அக்கா போன வருஷம்."

அவள் கையை விடவில்லை.

"சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு எரிச்சலோடுதான் ஆரம்பித்தான்.

"அக்காவுக்கு முத்து போட்டிருந்துது. வாசல்ல வேப்பிலை கட்டியிருந்தாங்க. தலைக்குத் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே போயிட்டா. மறுநாள் சைக்கிள்ல ஒரு டாக்டரம்மா வந்து, பையனுக்காவது ஊசி குத்திடறேன்னாங்க. ஆத்தா இறங்கியிருக்கற வீட்டுல அசலார் காலு படக்கூடாதுன்னு எங்கம்மா கதவைச் சாத்திட்டாங்க. அந்தம்மா போகல. வெயில்ல வாசல்லயே உக்காந்துட்டாங்க. பொழுது சாயுற நேரத்துல எங்கம்மாவே கதவைத் திறந்துட்டாங்க."

"அழுதீங்களா?"

"இல்ல." அவன் முகத்தில் முதல்தடவையாக எரிச்சல் குறைந்து லேசான சிரிப்பு வந்தது. "வாசல்ல இருந்த வேப்பங்கொத்தைக் காட்டி, இதுக்கு இன்னொரு பேரு இருக்கு, உனக்கு மட்டும் சொல்றேன்னாங்க. அசாடிராக்டா இண்டிகா. நான் திக்கித் திக்கித் திருப்பிச் சொல்றதுக்குள்ள குத்தி முடிச்சுட்டாங்க. இன்னிக்கும் வேப்பமரத்தைப் பார்த்தா அந்தப் பேருதான் வாயில வருது."

"டாக்டரம்மான்னு யார் சொன்னது?"

"ஊசி குத்தினாங்களே."

"டாக்டர் யாராச்சும் வேம்புக்கு அந்தத் தாவரவியல் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது.

"அக்கா போனது எந்த வருஷம்? உங்க கோட்டுல அது எங்க வருது?"

தணிகாசலம் தன் அப்போதைய வயதை வைத்து விரலை மடித்து எண்ணத் தொடங்கினான். எல்லாக் கூடத்தின் ஐம்பது ஆண்டுகளும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் வீட்டில் அந்த ஆண்டுக்கு எண்ணே கிடையாது. அக்கா போன வருஷம், அவ்வளவுதான். அலுவலகத்தில் அது வெறும் எண். இரண்டையும் அவன் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

எண்ணிக்கொண்டே வந்த விரல் மடங்காமல் நின்றது.

"முதல் வருஷம்," என்றான். "அவங்க கோடு தரையில படுத்த முதல் வருஷம்."

மேடையில் தொலைபேசி மறுபடி அதிர்ந்து நகர்ந்தது. கிணற்றுக்குள் விழுந்துவிடும்போல விளிம்புக்கு வந்தது. அவள் அதை உள்பக்கம் தள்ளி வைத்தாள். அது ஓய்ந்தது.

"அந்த வருஷம் சுத்துப்பட்டுல ஒரு டாக்டர்கூட இல்லைன்னு எங்கம்மா சொல்லுவாங்க," என்றான் தணிகாசலம். "ஆள் இல்லைன்னு செடி பார்த்தவங்க கிளம்பிட்டாங்களா? மொத்தக் கூடமுமா? மூணு வருஷமா?"

அவள் தொட்டித் தண்ணீரில் கைகளைக் கழுவினாள்.

 இருந்தாலும் முப்பது ஆண்டு வேலை லேசில் விடுமா.

"ஆனா அம்மா, இதைக் கட்டுரைன்னு எண்ண முடியாது. தழும்பை எந்தக் கட்டத்துல போடறது? அமைச்சர் அத்தாட்சி கேப்பார். என் ஒருத்தன் கையில இருக்கறது நாட்டுக்கு அத்தாட்சி ஆகுமா?"

செங்கமலம் தன் ஈரக் கையை அவன் கைக்குப் பக்கத்தில், மேடைமேல் நீட்டி வைத்தாள்.

வழவழவென்ற கை. நீர்த்துளிகளைத் தவிர அதில் எதுவும் இல்லை. அடுத்த கையையும் நீட்டினாள். அதுவும் அப்படியே.

"எனக்கு ஏன் யாரும் குத்தல?"

 அவள் பிறப்பதற்குள் அந்த நாட்டில் பெரியம்மை ஓய்ந்துபோயிருந்தது. யாருக்கும் குத்த வேண்டிய தேவை இருக்கவில்லை. அது அவனுக்கு உறைத்தது. தன் கையையும் அவள் கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

தொலைபேசி மூன்றாம் முறை அலறியது. இந்தமுறை எடுத்தான்.

"கையெழுத்து ஆச்சா?" தணிகாசலத்தின் வயதை ஒத்த அமைச்சரின் குரல் கிணற்று மேடைவரை கேட்டது.

"இல்லைங்க. போட மாட்டேன்."

 அமைச்சரின் குரல் தாழ்ந்து வந்தது. அதுதான் பயப்பட வேண்டிய குரல் என்று அவனுக்குத் தெரியும்.

"தணிகாசலம், யோசிச்சுப் பேசுங்க. அந்த மூணு வருஷத்துல அவங்க எதையாச்சும் செஞ்சாங்கங்கறதுக்கு உங்ககிட்ட அத்தாட்சி இருக்கா?"

"உங்ககிட்டயே இருக்குங்க," என்றான் தணிகாசலம். "நேர்ல வர்றேன். சட்டைக் கையை மடிச்சு வைங்க."