மூலைத் தூணின் முகம்

யவனக் கடலில் தெனாரா என்றொரு தீவு. வரைபடத்தில் தேட வேண்டாம். ஒரு ராஜா, ஒரு ராணி, அவர்களுடைய சண்டை, இவை மூன்றும் கொள்ளும் அளவுக்குத்தான் அது பெரியது.

ராஜா அர்கேதாஸ் துறைமுகத்து அரண்மனையில் இருந்தார். ராணி லியோனிஸ் கோபித்துக்கொண்டு மலையடி மாளிகைக்குப் போய்விட்டாள். சபை கூடும்போது மட்டும் இருவரும் ஒரே மண்டபத்துக்கு வருவார்கள். அப்போதும் அவர் வாசலைப் பார்த்து உட்கார்வார்; அவள் சன்னலைப் பார்த்து உட்கார்வாள். இரண்டு ஆசனத்துக்கும் நடுவில் ஒரு பெரிய மதுச் சாடி.

இவர்கள் இருவரிடமும் வேலை பார்த்தவன் மிர்மெக்ஸ். யவன மொழியில் அந்தப் பெயருக்கு எறும்பு என்று பொருள். நசுங்காமல் பிழைக்கத் தெரிந்தவன்.

தேவிக்குக் கோயில் கட்டுவதென்று முடிவானது. உடனே சண்டையும் தொடங்கியது.

"டோரிக் தூண்தான்" என்றார் ராஜா. "கீழே பீடம் கிடையாது, தலையில் பூ வேலை கிடையாது. மல்யுத்தக்காரன் மாதிரி நிற்கும்."

"மல்யுத்தக்காரனை நிறுத்தி யாரை அடிக்கப் போகிறீர்கள்?" என்றாள் ராணி. "அயோனிக் தூண் வையுங்கள். ஒல்லியாக, தலையில் இரண்டு சுருளோடு, பார்க்க லட்சணமாக இருக்கும்."

சிற்பி லீனோஸ் மெல்ல வாய் திறந்தான். "கொரிந்தியத் தூண் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. உச்சியில் இலைக்கூடை வைத்தது போல. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும்..."

"கீரைக்கூடையா?" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த ஆண்டு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

மிர்மெக்ஸ் குறுக்கே புகுந்தான். "மகாராஜா, மல்யுத்தக்காரர்கள் உங்கள் அரண்மனையில் ஏற்கெனவே நிறைய. சோறு போட்டே மாளவில்லை. கோயிலுக்காவது சாப்பிடாத, ஒல்லியான தூண் இருக்கட்டுமே." ராஜா சிரித்துவிட்டார். அயோனிக் என்று முடிவானது.

முடிந்ததா? இல்லை. அந்தத் தூணுக்கு ஒரு குணம் உண்டு. நேரே நின்று பார்த்தால் ஆட்டுக்கடாவின் கொம்பு போல இரண்டு சுருள் தெரியும். பக்கவாட்டில் போனால் சுருட்டி வைத்த பாய்தான் தெரியும். முன்வரிசைத் தூண்கள் துறைமுகத்தைப் பார்த்தன, ராஜாவுக்குத் திருப்தி. பக்க வரிசைத் தூண்கள் மலையைப் பார்த்தன, ராணிக்குத் திருப்தி. இரண்டு வரிசையும் சேருகிற மூலையில் நிற்கிற தூண் யாரைப் பார்க்கும்?

இந்தக் கேள்வி அமைச்சர் டெக்ஸியாசுக்குத் தேனாக இனித்தது. மிர்மெக்சைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். துறைமுகத்துக்குப் போனார். "மகாராஜா, மூலைத் தூணின் முகம் ராணிக்காம். உங்களுக்குச் சுருட்டின பாய்." மூச்சு வாங்க மலையேறினார். "அம்மா, முகம் ராஜாவுக்காம். உங்களுக்குத்தான் பாய்."

அடுத்த சபையில் ராஜா உறுமினார். "மிர்மெக்ஸ்! உன் வாயால்தானே இந்தத் தூண் வந்தது? அதன் முகம் என் பக்கம் இருக்க வேண்டும்."

"என் பக்கம்" என்றாள் ராணி.

"இருவர் பக்கமும் இல்லையென்றால்," என்று இழுத்தார் டெக்ஸியாஸ், "குற்றவாளிகளை அனுப்புகிற உப்புத் தீவுக்கு ஒரு கப்பல் தயாராக நிற்கிறது. மிர்மெக்சுக்கும் சிற்பிக்கும் அதில் இடம் இருக்கிறது."

ராஜாவும் ராணியும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் லீனோஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"கல்லுக்கு ஒரு முகம்தான் ஐயா! நான் எங்கே போவேன்?"

"நாளைக்குச் சபைக்கு வா" என்றான் மிர்மெக்ஸ். "ராஜாவையும் பார்க்காதே, ராணியையும் பார்க்காதே. என் மூக்கையே பார்."

மறுநாள் மிர்மெக்ஸ் வழக்கம்போல மீன்வரத்து, மழை, எண்ணெய் என்று பேசி முடித்தான். லீனோஸ் கண்கொட்டாமல் மூக்கைப் பார்த்தான்.

சபை கலைந்து வெளியே வந்ததும் கேட்டான். "இப்போது சொல். நான் யாரைப் பார்த்துப் பேசினேன்?"

"தன்னைப் பார்த்து என்று ராஜா நினைத்திருப்பார். ராணியும் அப்படியே நினைத்திருப்பாள். ஆனால் உங்கள் மூக்கு..." லீனோஸ் எழுந்து நின்றுவிட்டான். "உங்கள் மூக்கு மதுச் சாடியை அல்லவா பார்த்தது!"

"பத்து வருஷமாக அந்தச் சாடியோடுதான் பேசுகிறேன். போய் அதைச் செதுக்கு."

லீனோஸ் மூலைச் சுருளை நேரே விடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவே, கோணத்தில், மூக்கு நீட்டியது போல வெளியே இழுத்துவிட்டான். துறைமுகத்திலிருந்து பார்த்தால் முழு முகம். மலையிலிருந்து பார்த்தாலும் முழு முகம்.

திறப்பு விழா அன்று ராஜா ஒரு பக்கம் நின்றார். "என்னைப் பார்க்கிறது!" ராணி மறுபக்கம் நின்றாள். "என்னை!"

டெக்ஸியாசுக்கு நிலைகொள்ளவில்லை. தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் உள்பக்கம் புகுந்து அண்ணாந்து பார்த்தவர் குதூகலமாகக் கூவினார்.

"வாருங்கள், வந்து பாருங்கள் இந்த அலங்கோலத்தை! உள்மூலையில் இரண்டு சுருளும் பாதி பாதியாக முட்டி, மிதித்த அப்பம் போல நசுங்கிக் கிடக்கிறது!"

இருவரும் வந்து பார்த்தார்கள். உண்மைதான். லீனோசின் முகம் வெளுத்தது. ராஜாவின் புருவம் ஏறியது.

"இதற்கு என்ன சொல்கிறாய் மிர்மெக்ஸ்?"

"என்ன சொல்வது மகாராஜா! இரண்டு பக்கமும் முகம் காட்டுகிறவனுக்கு உள்ளே இப்படித்தான் நசுங்கியிருக்கும். வெளியே நிற்கிறவர்களுக்கு அது தெரியாது. முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்." பிறகு அமைச்சரைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டான்.

முதலில் ராணிதான் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து ராஜாவும் வெடித்துச் சிரித்தார். கப்பல் கிளம்பியது, அதில் டெக்ஸியாஸ் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது.

"என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் ராஜா.

மிர்மெக்ஸ் பிடரியைத் தடவிக்கொண்டான்.

"நாளைக்கு இரண்டு ஆசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்லுங்கள் மகாராஜா. அந்தத் தூணுக்குக் கழுத்து வலிக்காது. எனக்கு வலிக்கிறது."